வயசான மாதிரி ஒரு கிட்டார்

பெயின்ட் பாதி உரிஞ்சு, ஸ்க்ரூ துருப்பிடிச்சு, ஓரமெல்லாம் மரம் தெரியுற ஒரு புது கிட்டார். பக்கத்திலேயே பளபளன்னு இன்னொண்ணு. விலை அதிகம் எதுக்குத் தெரியுமா? உரிஞ்சதுக்குத்தான்! இது எப்படி வந்ததுன்னு இன்னைக்குப் பார்க்கலாம்.

கதை கார் பெயின்டில் தொடங்குகிறது. 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கார்களுக்காக நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்தது. மெல்லிசாக அடிக்கலாம், சீக்கிரம் காயும். பிறகு ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களுக்கும் அதுவே வந்தது. ஃபெண்டரின் ஃபியஸ்டா ரெட் நிறமே ஃபோர்டு காரிலிருந்து வந்ததுதான்.

இந்த லாக்கர் காய்ந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும். வருஷம் ஆக ஆக வெள்ளை மஞ்சளாகும். நீலத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் மஞ்சளானால், கிட்டார் பச்சையாகத் தெரியும். குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்குப் போனால், மரமும் லாக்கரும் ஒரே அளவில் விரியாது. அதனால் மேலே முடி மாதிரி விரிசல் ஓடும். கை உரசும் இடத்தில் மரமே எட்டிப்பார்க்கும்.

அயர்லாந்தின் கார்க் நகரில் 1963-ல், ரோரி கேலகர் என்ற 15 வயசுப் பையன் 1961-ம் வருஷத்து ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றை 100 பவுண்டுக்கு செகண்ட் ஹேண்டாக வாங்கினான். 30 வருஷத்துக்கு மேல் மேடையிலேயே வாழ்ந்த அந்த கிட்டாரில், கடைசியில் பெயின்ட் கொஞ்சம்தான் மிச்சம்.

சிலர் வேணும்னே உரிச்சாங்க. 1968-ல் ஜான் லெனன் தன் எபிஃபோன் கேசினோவின் பெயின்டை எடுத்துவிட்டு, மரம் தெரியும்படி வைத்துக்கொண்டார். 70-களில் நிறையப் பேர் இதையே செய்தார்கள். அப்போது அவை வெறும் பழைய கிட்டார்கள்தானே! பின்னால் 50, 60-களின் கிட்டார்களுக்கு மவுசு ஏறியபோதுதான் உறைத்தது. ஒரிஜினல் பெயின்ட் போனால் விலை ஏறக்குறைய பாதி என்பது வியாபாரிகளின் பொதுவான கணக்கு.

அப்படி உரிக்கப்பட்ட கிட்டாருக்குப் புதுசா பளபளன்னு அடிச்சா, தாத்தாவுக்கு முடிக்குக் கறுப்பு மை போட்ட மாதிரி இருக்கும். அதனால் ரிப்பேர்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். நைட்ரோ லாக்கரை மெல்லிசாக அடித்து, நல்லாக் காயவிட்டு, பிறகு குளிரவைத்து விரிசல் வரவழைப்பார்கள். கை படும் இடம், பெல்ட் பக்கிள் உரசும் இடம் பார்த்துத் தேய்ப்பார்கள். உலோகப் பாகங்களுக்கு ஆசிட் ஆவி காட்டுவார்கள். கை எங்கே படும்னு தெரியாதவர் தேய்த்தால், பார்த்த உடனே பொய்னு தெரிஞ்சுடும்.

1995-ல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் இதையே விற்பனைப் பொருளாக்கி, ‘ரெலிக்’ என்று பெயர் வைத்தது. ஆரம்ப வருஷங்களில் பாடிகளுக்கு வயசு ஏற்றியவர் மிசௌரியைச் சேர்ந்த வின்ஸ் குனெட்டோ. கேலகர் கிட்டாருக்கே, தேய்மானம் உட்பட, நகல் வந்தது.

சிக்கல் இங்கேதான். ரெலிக்னு சொல்லி விற்றால் அது கைவேலை. அதே வேலையைச் செய்து ‘1961 ஒரிஜினல்’ என்று விற்றால் மோசடி. அதனால்தான் வாங்குபவர்கள் புற ஊதா விளக்கு எடுத்துப் போகிறார்கள். பழைய நைட்ரோ அதில் மங்கலாக ஒளிரும். புதுசா அடித்த இடம் தனியாகத் தெரியும். நேர்மையான ரிப்பேர்காரர் வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, கிட்டாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

கேலகரின் ஒரிஜினல் 2024-ல் லண்டன் ஏலத்தில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. வாங்கியவர் அதை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். யாரும் அதுக்குப் பெயின்ட் அடிக்கப் போறதில்லை. உங்க வீட்டுப் பரண்ல பழைய கிட்டார் ஏதாவது இருந்தா, உப்புத்தாளை எடுக்கிறதுக்கு முன்னாடி, தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.