குலசேகரத்துப் பாலும் கீரனூர்ச் சாலையும்

குமரி மாவட்டம் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் ஒழுகுவது மட்டுப்பட்டுவிடும். நட்டு ஏழு வருடம் போல் வளர்ந்து, அடிமரச் சுற்றளவு 50 செ.மீ. ஆன மரத்தில்தான் கத்தி வைப்பார்கள். சிரட்டையில் சேரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் அழுத்திப் புகைபோட்டால் பழுப்பு நிற ஷீட் கிடைக்கும். புதுக்கோட்டையில் ஓடும் காரின் முன்சக்கரத்துக்கு உள்பக்கம், சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் முனையில் உட்காரும் கைப்பிடி அளவு புஷ், இப்படி ஒரு தோட்டத்தில்தான் பிறக்கிறது.

ரப்பர் மரத்தின் பூர்வீகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்ஹாம் சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. இந்தியாவில் வணிக முறைச் சாகுபடி 1902-இல் பெரியாற்றங்கரையில், தட்டேக்காட்டில் தொடங்கியது. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களில் புதுக்கோட்டைச் சீமையின் வறண்ட கிராமங்களை விட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தோட்டத் தமிழர்களில் பலருக்கு, குமரியின் அரசு ரப்பர் தோட்டங்கள் வேலை தந்தன. இவற்றை நிர்வகிக்க 1984-இல் அரசு ரப்பர் கழகம் உருவானது. கடல் தாண்டிப்போன ஒரு மரமும் கடல் தாண்டிப்போன மக்களும் ஒரே மலையடிவாரத்தில் சந்தித்த வரலாறு இந்தக் கறுப்புப் புஷ்ஷுக்குள் இருக்கிறது.

தொழிற்சாலையில் ஷீட்டோடு கந்தகமும் கரித்தூளும் சேர்த்து அரைக்கிறார்கள். கந்தகத்தோடு சூடேற்றினால் ரப்பர் உருகாமலும் ஒட்டாமலும் உறுதிப்படும் என்று 1839-இல் கண்டவர் சார்லஸ் குட்இயர். பசை பூசிய இரும்புக் குழாய்களை அச்சில் வைத்து, நடுவே ரப்பரைச் செலுத்திச் சூடேற்றும்போது ரப்பர் வேகுவதும் இரும்போடு பிணைவதும் ஒன்றாக நடக்கின்றன. வெளிக்குழாய் ஆர்மில் இறுகும். உள்குழாய் போல்ட்டால் வண்டியின் சட்டத்தோடு இறுகும். சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன்மீதும் உரசாது, ரப்பர் மட்டும் முறுக்கேறித் தளரும். அதனால் கிரீஸ் வேண்டாம், சத்தமும் இல்லை.

இந்தக் குணத்துக்குப் புதுக்கோட்டைச் சாலைகள் கடுமையான பரீட்சை வைக்கின்றன. கீரனூர், நார்த்தாமலைப் பக்கம் ஜல்லி லாரிகள் ஓடி நசுங்கிய கிளைச்சாலைகள். அன்னவாசல், இலுப்பூர் வழியில் ஓரம் உடைந்த தார். ஊருக்கு ஊர் வேகத்தடை. தெற்கே கோட்டைப்பட்டினம், மீமிசல் பக்கம் உப்புக்காற்று. குழி முன்னும் பின்னும் இடிக்கும், திருப்பம் பக்கவாட்டில் தள்ளும், பிரேக் பின்னோக்கி இழுக்கும். எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மீள இயற்கை ரப்பரால் முடியும். இழுபடும்போது அதன் மூலக்கூறு இழைகள் படிகம்போல் வரிசைகட்டி விரிசல் வளர்வதைத் தடுக்கும். திரும்பத் திரும்ப வளைந்தும் அது சோராமலிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் அதற்கு ஆயுள் உண்டு. வெயிலும் ஓசோனும் மேல்தோலை வெடிக்கவைக்கும். என்ஜின் ஆயில் சொட்டினால் ரப்பர் ஊதிப்போகும். வேகத்தடையில் 'டக்' என்ற சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பு, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது ஆகியவை கடைசிக் கால அறிகுறிகள்.

அப்போதுதான் பட்டறையில் "பி.யூ. புஷ் போட்டுரலாமா? ரொம்ப நாள் வரும்" என்ற கேள்வி வருகிறது. பி.யூ. என்னும் பாலியூரித்தேன் 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் உருவாக்கிய வேதிப்பொருள். கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் ரப்பர் புஷ் 50 முதல் 70 வரை இருந்தால், இது 80 முதல் 95 வரை போகும். ஆயிலுக்கு அசராது, திருப்பத்தில் சக்கரம் நகராமல் பிடித்து நிறுத்தும். பந்தயக் கார்க்காரர்கள் விரும்புவது இதற்காகத்தான்.

ஆனால் பெரும்பாலான பி.யூ. புஷ்கள் இரும்போடு பிணைக்கப்படுவதில்லை; உள்குழாய் அதற்குள் சுழலும். சுழலும் இடத்துக்கு கிரீஸ் வேண்டும். செம்மண் புழுதியும் கல்குவாரித் தூளும் அந்த கிரீஸில் கலந்தால் அதுவே உப்புத்தாளாகிவிடும். கீச்சென்ற சத்தம் பின்னாலேயே வரும். புஷ் உள்வாங்காத அதிர்வு வெல்டிங்குக்கும் பின்சீட்டில் இருக்கும் முதியவரின் முதுகுக்கும் போகும்.

ஆகவே எந்த இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டெபிலைசர் கம்பி தன் புஷ்ஷுக்குள் ஒரே அச்சில் சுழல்வதால் அங்கே நல்ல பி.யூ. பொருந்தும். பாரம் ஏற்றும் வண்டியின் பட்டை ஸ்பிரிங் கண்ணிலும், அவ்வப்போது பிரித்து கிரீஸ் வைக்க ஆளிருந்தால், பொருந்தும். பல திசையில் முறுக்கேறும் லோயர் ஆர்முக்கும் பின்அச்சுக்கும், குடும்பம் போகும் காரில், ரப்பர்தான் சரி.

ரப்பரைத் தேர்ந்தெடுத்தால் மெக்கானிக்கிடம் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்: நடு போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டியின் பாரம் நான்கு சக்கரத்திலும் இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால், இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கேறியே கிடந்து சீக்கிரம் கிழியும். "ரப்பர் தாங்கல" என்று பி.யூ.வுக்கு மாறுகிறவர்கள் முதலில் இந்த இறுக்கத்தைச் சோதிக்கட்டும். வேலையைச் சரியாகச் செய்தால், பால்வெட்டுக்காரர் முதல் அச்சுத் தொழிலாளி வரை பலர் உழைப்பில் உருவான இந்தப் புஷ் வருடக்கணக்கில் நின்று உழைக்கும்.