அப்பாவுக்கு அனுமதி, பிள்ளைக்கு இல்லை

கூர்க்கா என்றதும் நம் ஊரில் பலருக்கு இரவுக் காவல்காரர்தான் நினைவுக்கு வருவார். கையில் தடி, வாயில் விசில், மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு வந்து காசு வாங்கிப் போவார். ஆனால் அந்தப் பெயருக்கு மதிப்பு வந்தது பட்டாளத்தால். பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்த கூர்க்காக்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நேர்ந்த கதை ஒன்று உண்டு. பென்ஷன் வாங்கும் நம் போன்றவர்களுக்கு அது எளிதில் புரியும்.

1814-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் போர் மூண்டது. எதிரே நின்று சண்டையிட்டவர்களின் வீரத்தைப் பார்த்த கம்பெனி, 1815-லிருந்தே அவர்களைத் தன் படையில் சேர்க்க ஆரம்பித்தது. 1947-ல் நாடு விடுதலை அடைந்தபோது இருந்த 10 கூர்க்கா ரெஜிமெண்டுகளில் 6 இந்தியாவுக்கு, 4 பிரிட்டனுக்கு என்று பிரிந்தன. இதற்காக இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரிட்டனுக்குப் போனவர்கள் மலாயாக் காட்டில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுடன் போரிட்டார்கள், போர்னியோவுக்குப் போனார்கள், பிறகு ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்டார்கள்.

நாலு கடல் தாண்டி உழைத்தாலும் ஒரு நிபந்தனை மாறவில்லை. நேபாளத்தில் ஆள் எடுப்பார்கள், பணி முடிந்ததும் நேபாளத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பென்ஷனும் இந்திய ராணுவக் கணக்கை ஒட்டித்தான். குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளவும் சாதாரணச் சிப்பாய்க்கு 15 வருட சேவையில் ஒரே ஒரு முறை, சுமார் 3 வருடம்தான் அனுமதி. மற்ற காலமெல்லாம் மனைவியும் மக்களும் மலைக்கிராமத்தில் இருப்பார்கள். பிள்ளைக்கு அப்பா என்றால் லீவில் வந்து போகிறவர்தான்.

மற்ற வெளிநாட்டு, காமன்வெல்த் சிப்பாய்கள் 4 வருடம் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தால் அங்கே குடியேறக் கேட்கலாம். கூர்க்காவுக்கு அது கிடையாது. 1997 ஜூலை 1-ல் ஹாங்காங் சீனாவிடம் போனது. கூர்க்காப் படையின் தலைமையிடம் பிரிட்டனுக்கு மாறியது. அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் குடியேறலாம் என்று 2004-ல் விதி வந்தது. அதற்கு முன்பு ஓய்வு பெற்றவர்கள் பிரிட்டனுடன் நெருங்கிய தொடர்பு இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்றார்கள்.

துல் பகதூர் புன் என்பவர் 1944-ல் பர்மாப் போர்முனையில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். பிரிட்டனில் அதற்கு மேல் ஒரு வீர விருது இல்லை. எண்பதைக் கடந்த வயதில் அவர் விண்ணப்பித்தபோது, பிரிட்டனுடன் போதிய தொடர்பைக் காட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஊர் கொதித்த பிறகு, 2007-ல் அனுமதி கொடுத்தார்கள்.

2008-ல் உயர் நீதிமன்றம் அந்த விதிமுறையைச் சட்டத்துக்குப் புறம்பானது என்றது. 2009 ஏப்ரலில் அரசு கொண்டுவந்த புதிய நிபந்தனைகளில் ஒன்று 20 வருட சேவை. சாதாரணச் சிப்பாயை 15 வருடத்திலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டு 20 வருடம் கேட்டால் என்ன அர்த்தம்? நடிகை ஜோனா லம்லி முன்னின்று போராடினார். அவருடைய தந்தை, துல் பகதூர் புன் இருந்த அதே ஆறாவது கூர்க்கா ரெஜிமெண்டில் அதிகாரியாக இருந்தவர். ஏப்ரல் 29-ல் பாராளுமன்ற வாக்கெடுப்பில் அரசு 267-க்கு 246 என்று தோற்றது. மே 21-ல், 4 வருடம் பணியாற்றிய எல்லா முன்னாள் கூர்க்காக்களும் குடியேறலாம் என்று அறிவிப்பு வந்தது. மனைவியையும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகைகள் இதை வெற்றி என்று கொண்டாடின. ஆனால் சிக்கல் அந்தப் பதினெட்டில் இருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிப்பாய் 1985-ல் ஓய்வு பெறுகிறார். மகனுக்கு 5 வயது. அன்றே உரிமை இருந்திருந்தால் மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விமானம் ஏறியிருப்பான். உரிமை வந்தது 2009-ல். அப்போது மகனுக்கு 29 வயது. அப்பாவுக்கு அனுமதி உண்டு, மகனுக்கு இல்லை. ஆல்டர்ஷாட் போன்ற ஊர்களில் வந்து சேர்ந்த முதிய நேபாளத் தம்பதிகள் பலர் தள்ளாத வயதில், மொழி தெரியாமல், பிள்ளைகளைப் பிரிந்து வந்தவர்கள்.

பிள்ளைகள் நீதிமன்றம் போனார்கள். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. குடும்ப வாழ்க்கைக்கான உரிமையை எடைபோடும்போது அந்தப் பழைய அநீதியையும் தராசில் வைக்க வேண்டும், ஆனால் அது ஒன்றே வழக்கை முடித்துவிடாது என்றது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தியக் குடும்பங்களின் வழக்குகளிலும் இதே கேள்வி முன்பே எழுந்திருந்தது. 2015 ஜனவரியில் அரசு விதியைத் தளர்த்தியது. 18 முதல் 30 வயது வரை உள்ள பிள்ளை, பெற்றோரை நம்பியே வாழ்பவராக இருந்து, பிரிந்து 2 வருடத்துக்கு மேல் ஆகாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். நாம் சொன்ன அந்த மகனுக்கு அப்போது 35 வயது. விதி அவனுக்கும் வரவில்லை. வேண்டுமானால் வழக்குத்தான் போட வேண்டும்.

கூர்க்காக்களுக்குக் கிடைத்தது சலுகை அல்ல, தாமதமாக வந்த நியாயம். அதைக் கொடுத்தவர்கள் கொடுத்த தேதியிலிருந்து எண்ணினார்கள், கொடுத்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணவில்லை. சம்பளக் கமிஷன் ஆணை தாமதமானால் முன்தேதியிட்டு அரியர்ஸ் போடுகிறார்கள், நாமும் வாங்கியிருக்கிறோம். பணத்துக்கு அப்படி வழி இருக்கிறது. பிள்ளையின் வயதுக்கு அரியர்ஸ் போட எந்த அலுவலகத்திலும் வழி இல்லை.