செவப்பு ஐ.சி. – நம்ம பெரியவங்க காத்திருந்த வருஷங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாப் படிங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா அவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.

ஆலயத்துல எங்களோட சேர்ந்து தொண்டு செய்யற பிள்ளைங்க அடிக்கடி ஒரு கேள்வி கேக்குறாங்க. "அந்தப் பாட்டி இங்கேயே பொறந்து வளர்ந்தவங்கதானே, அப்புறம் ஏன் அவங்க ஐ.சி. மட்டும் செவப்பா இருக்கு?" நியாயமான கேள்விதான். ஒரு வரியில பதில் சொல்ல முடியல. நாங்க பெரியவங்ககிட்ட கேட்டதையும் படிச்சதையும் சேர்த்து இங்க எழுதுறோம்.

முதல்ல ஒரு விஷயம். நீல ஐ.சி. குடிமக்களுக்கு. செவப்பு ஐ.சி. நிரந்தரவாசிகளுக்கு. அந்தக் கார்டுல "பெமாஸ்தாவுத்தின் தெத்தாப்"னு போட்டிருக்கும். பச்சை ஐ.சி. தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்றவங்களுக்கு. செவப்பு வெச்சிருக்கறவங்க இங்க வாழலாம், வேலை செய்யலாம். ஆனா ஓட்டுப் போட முடியாது, மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. ஒரே வீட்டுல அம்மாவுக்கு செவப்பு, பிள்ளைங்களுக்கு நீலம்னு இருக்கறது இதனாலதான்.

இது எங்கிருந்து ஆரம்பிச்சது?

வெள்ளைக்காரன் நம்ம முன்னோர்களை ரப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டு வந்தது வேலைக்காக. குடியேத்தறதுக்காக இல்ல. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதுக்கப்புறமும் கங்காணி மூலமா ஆள் எடுத்தாங்க. நாகப்பட்டினத்துலயும் சென்னையிலயும் கப்பல் ஏறி பினாங்குல இறங்கினாங்க. ரப்பர் விலை ஏறினா ஆள் கூட்டி வந்தாங்க, விலை விழுந்தா திருப்பி அனுப்பினாங்க. 1930-களின் தொடக்கத்துல உலகமே மந்தத்துல கிடந்தப்போ லட்சத்துக்கும் மேற்பட்டவங்க ஊருக்கு அனுப்பப்பட்டாங்க. 1938-இல் இந்திய அரசாங்கமே தோட்டக் கூலிகளை அனுப்பறதை நிறுத்திடுச்சு.

அதனால நம்ம தாத்தா பாட்டிங்க மனசுல "இங்க வந்தது சம்பாதிக்க, ஒரு நாள் ஊருக்குப் போயிடுவோம்"ங்கற எண்ணம் ரொம்ப நாள் இருந்தது. தோட்ட நிர்வாகமும் அதே எண்ணத்துலதான் அவங்களை வெச்சிருந்தது. லயத்து வீடு தொரையோட வீடு. வேலை போனா வீடும் போச்சு. சொந்தம்னு சொல்லிக்க ஒரு கோயிலும் ஒரு சுடுகாடும்தான். அதுவும் தோட்டத்து நிலத்துலதான் இருந்தது.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். சயாம் மரண ரயிலுக்கு ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்களைக் கொண்டு போனான். போனவங்க நிறைய பேர் திரும்பவே இல்ல. குடும்பம் சிதறினப்போ இருந்த கொஞ்சநஞ்சக் காகிதமும் சிதறிப் போச்சு.

1948-இல் அவசரகாலம் வந்தது. 12 வயசைத் தாண்டின எல்லாருக்கும் படம் எடுத்து, கைநாட்டு வெச்சு அடையாளக் கார்டு கொடுத்தாங்க. இந்த இடத்தைக் கவனமாப் படிங்க. அந்தக் கார்டு "இன்னார் இவர்"னு காட்டறதுக்கு மட்டும்தான். குடியுரிமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா எழுதப் படிக்கத் தெரியாத பால்மரம் சீவுற தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்? "அதான் கவர்மெண்டு கார்டு கொடுத்தாச்சே"னு பத்திரமா மடிச்சு டிரங்குப் பெட்டியில வெச்சுட்டாங்க. அதே 1948-இல் வந்த மலாயாக் கூட்டரசுச் சட்டத்துல குடியுரிமைக்குக் கெடுபிடி அதிகம். வெளியில பொறந்தவங்க மனுச் செய்யணும்னா 20 வருஷத்துல 15 வருஷம் இங்க இருந்திருக்கணும்.

1957-இல் கதவு நல்லாத் திறந்தது. மெர்டேக்கா நாளுக்குப் பிறகு இங்க பொறக்கற பிள்ளைங்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை. அதுக்கு முன்னாடி இங்க பொறந்தவங்க, அரசியலமைப்புச் சட்டம் 16-ஆவது பிரிவின்படி மனுக் கொடுத்துப் பதிஞ்சுக்கலாம். கடைசி ஏழு வருஷத்துல அஞ்சு வருஷம் இங்க இருந்திருந்தாப் போதும். முதல் ஒரு வருஷத்துக்குள்ள மனுக் கொடுத்தா மலாய் மொழி தெரியணும்ங்கற நிபந்தனைகூட இல்ல. அந்த ஒரு வருஷத்துல லட்சக்கணக்கான பேர் பதிஞ்சுக்கிட்டாங்க.

அப்போ நம்மவங்க ஏன் விட்டாங்க? சோம்பேறித்தனம்னு சில பேர் லேசாச் சொல்லிடறாங்க. நாங்க அப்படி நெனைக்கல. தோட்டம் பட்டணத்துலேருந்து பல மைல் தள்ளி இருந்தது. ஒரு நாள் பெரட்டுக்குப் போகலன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. பாரம் எழுதணும்னா கிராணியைக் கேக்கணும். கிராணிக்கு நேரம் இருக்கணும், மனசும் இருக்கணும். பிள்ளை பொறந்தது லயத்துல, மருத்துவச்சி கையில. பத்திரம் எடுக்காமலே விட்டவங்க பல பேர். "தீபாவளிக்கு மொத நாள் பொறந்தான்", "பெரிய வெள்ளம் வந்த வருஷம் பொறந்தா"ங்கறதுதான் பிறந்த தேதி. ஆபீஸ்ல அந்தத் தேதி செல்லாது.

துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாப் போய் "குடியுரிமை எடுங்க, இந்த நாட்டுல வேர் விடுங்க"னு சொன்னார்னு பெரியவங்க இன்னமும் பேசுவாங்க. தோட்டங்களைத் துண்டு போட்டு விக்க ஆரம்பிச்ச காலத்துல, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினதும் அவர்தான். மாசம் பத்து வெள்ளியா நூறு வெள்ளிப் பங்கு கட்டச் சொன்னார். கட்டினாங்க. நிலம் வாங்கறதுக்கு வாயைக் கட்டி வயித்தைக் கட்டிச் சேர்த்த அதே சனங்கள்ல எத்தனையோ பேர் குடியுரிமைப் பாரத்தைத் தள்ளிப் போட்டாங்க. நிலம் கண்ணுக்குத் தெரியும். காகிதத்தோட மதிப்பு, அது இல்லாமப் போகும்போதுதான் தெரியும்.

அது தெரிஞ்ச வருஷம் 1969. வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-லேயே வந்துடுச்சு. மே 13-க்கு அப்புறம் அதைத் தீவிரமா அமல்படுத்தினாங்க. குடிமகன் இல்லாதவன் வேலை செய்யணும்னா பெர்மிட் எடுக்கணும். முப்பது வருஷம் பால் சீவினவன் ஒரே நாள்ல "வெளிநாட்டுத் தொழிலாளி" ஆயிட்டான். பெர்மிட் கிடைக்குமா, அடுத்த தடவை புதுப்பிப்பாங்களான்னு தெரியாம எத்தனையோ குடும்பங்கள் தவிச்சது. பல்லாயிரக்கணக்கானவங்க ரஜூலா மாதிரி கப்பல்ல ஏறி இந்தியாவுக்கே போயிட்டாங்க. அப்பா போக, அம்மா இங்க தங்கின வீடுகள் உண்டு. மூத்தவன் இங்க, இளையவன் அங்கன்னு பிரிஞ்ச வீடுகளும் உண்டு. தங்கினவங்கள்ல ரொம்பப் பேருக்கு மிஞ்சினது செவப்புக் கார்டு.

இதுல இன்னொரு சிக்கலும் சேர்ந்துச்சு. 1962-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதுக்கப்புறம் இங்க பொறந்தா மட்டும் போதாது. அப்பா அம்மாவுல ஒருத்தராவது குடிமகனாவோ நிரந்தரவாசியாவோ இருக்கணும்னு ஆச்சு. அந்த வகையில செவப்புக் கார்டு நம்ம பிள்ளைங்களைக் காப்பாத்துச்சுன்னுதான் சொல்லணும். பெத்தவங்களுக்கு செவப்பு, பிள்ளைக்கு நீலம். ஆனா அந்த செவப்புகூட இல்லாதவங்களோட பிள்ளைங்க?

கல்யாணத்தைச் சட்டப்படி பதியாத குடும்பங்களை எடுத்துக்குங்க. அப்பாவுக்கு நீல ஐ.சி. இருந்தாலும், பதிவு இல்லாத கல்யாணத்துல பொறந்த பிள்ளைக்குச் சட்டம் அம்மாவோட நிலையைத்தான் பாக்கும். அம்மாவுக்கு எந்தப் பத்திரமும் இல்லன்னா பிள்ளையும் நாடில்லாத பிள்ளை. 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து நம்ம கல்யாணங்களுக்கும் பதிவு கட்டாயம். ஆனாலும் "கோயில்ல தாலி கட்டியாச்சு, பதிவு அப்புறம் பாத்துக்கலாம்"ங்கற பேச்சை நாங்க இன்னமும் மண்டபத்துல கேக்குறோம். தாத்தா தள்ளிப் போட்ட பாரம், பேரன் பள்ளிக்கூடத்துல சேரும்போது வந்து நிக்குது.

எண்பது தொண்ணூறுகள்ல தோட்டங்கள் செம்பனையா மாறுச்சு, வீடமைப்பா மாறுச்சு, நெடுஞ்சாலையா மாறுச்சு. சனங்க பிளாட் வீட்டுக்கு வந்தாங்க. தோட்டத்து ஆபீஸ் மூடினப்போ செக்ரோல் புத்தகங்களும் போச்சு. இங்க பொறந்தேன், இங்க வேலை செஞ்சேன்னு சொல்ல இருந்த சாட்சி அதுதான்.

2011-இல் அரசாங்கம் மைடாஃப்தார்ங்கற பதிவு இயக்கத்தை நடத்துச்சு. 2018-இல் 60 வயசைத் தாண்டின, செவப்பு ஐ.சி. வெச்சிருந்த இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும்னு அறிவிப்பு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. 2018-இல் 60 வயசுன்னா 1958-க்குள்ள பொறந்தவங்க. அவங்கள்ல பெரும்பாலானவங்க நாடு சுதந்திரம் வாங்கினப்போ ஏற்கெனவே பொறந்திருந்தவங்க. நாட்டுக்கு என்ன வயசோ அத்தனை வருஷம் காத்திருந்திருக்காங்க.

எங்க ஆலயத்துக்கு வர்ற ஒரு பாட்டி இன்னும் காத்திருக்காங்க. பொறந்தது இங்க ஒரு தோட்டத்துலதான், ஆனா பத்திரம் இல்ல. இங்க பொறந்ததை நிரூபிச்சா 16-ஆவது பிரிவுல ஓரளவு மலாய் தெரிஞ்சாப் போதும். நிரூபிக்க முடியலன்னா வெளியில பொறந்தவங்களுக்கான 19-ஆவது பிரிவு. அதுக்குப் போதுமான மலாய் அறிவு வேணும், 12 வருஷத்துல 10 வருஷம் இங்க இருந்த கணக்கும் வேணும். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் இத்தனை அலைச்சல். நாங்க ஆலயத்துப் பழைய வரி நோட்டைப் புரட்டினோம். அவங்க அப்பா பேர்ல தலைக்கட்டு வரி கட்டினது எழுதியிருக்கு. அதை அத்தாட்சியா எடுத்துக்க மாட்டாங்கதான். ஆனா அதுல இருந்த பக்கத்து வீட்டுப் பேரை வெச்சுத் தேடிப் போனதுல, அவங்க பொறந்ததைப் பாத்த ஒரு பெரியம்மா கிடைச்சாங்க. இப்போ சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருக்காங்க. மனு இன்னும் "டாலாம் புரோசெஸ்"லதான் இருக்கு. பாட்டி எங்ககிட்ட கேட்டது இதுதான்: "நான் செத்தா சாவுப் பத்திரத்துல என்னை எந்த நாட்டுக்காரின்னு எழுதுவாங்கப்பா?"

எங்கள்ல பாதிப் பேர் ஃபேக்டரியில வேலை செய்யறவங்க. எங்க லைன்ல வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளத்துப் பையன்களும் இருக்காங்க. வருஷா வருஷம் பெர்மிட் புதுப்பிக்கற நேரம் வந்தா அவங்க முகமே மாறிடும். ஓவர்டைம் கொடுத்தாலும் சிரிக்க மாட்டாங்க. அவங்க நிலைமையும் நம்மதும் ஒண்ணு இல்ல. அவங்களுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கு, கடப்பிதழ் இருக்கு. ஆனா அந்த முகத்தைப் பாக்கும்போது 1969-இல் நம்ம தாத்தா எப்படி நின்னிருப்பாருன்னு புரியுது. அவங்களைக் கேவலமாப் பேசறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நெனைச்சுப் பாப்போம்.

இனிமே நாம செய்ய வேண்டியது:

உங்க வீட்டுல, பக்கத்து வீட்டுல செவப்பு, பச்சை ஐ.சி. இருக்கறவங்க யாருன்னு பாருங்க. பழைய ஐ.சி., பள்ளிச் சான்றிதழ், இ.பி.எஃப். கணக்கு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. அவங்க பொறந்ததைப் பாத்தவங்க உயிரோட இருக்கும்போதே எழுதி வாங்குங்க.

பிள்ளை பொறந்தா 60 நாளுக்குள்ள பதிஞ்சிடுங்க. கல்யாணத்தைப் பதியாம மண்டபம் புக் பண்ணாதீங்க.

"ஐயாயிரம் கொடுங்க, நீலம் எடுத்துத் தர்றேன்"னு வர்ற ஏஜெண்டுகளை நம்பாதீங்க.

பாரம் நிரப்பத் தெரியலன்னா வெட்கப்படாம எங்ககிட்ட வாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு அப்புறம் அன்னதானக் கூடத்துல ரெண்டு மூணு பேர் எப்பவும் இருப்போம். இருக்கற காகிதம் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்ல.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்