தலைநகரும் சைக்கிளும்

இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாற்றப்படும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டது. புதுடில்லி 1931-இல் திறந்து வைக்கப்பெற்றது. அதன் அகன்ற சாலைகள் ஆட்சியின் பெருமிதத்தைக் காட்ட வகுக்கப்பட்டவை. எனினும், காலை வேளைகளில் அவற்றை நிறைத்தவர்கள் சைக்கிளில் செயலகம் நோக்கிச் சென்ற குமாஸ்தாக்களே. கரோல்பாக்கிலிருந்து புறப்பட்ட நம் தமிழரும் அவர்களுள் பலர். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மாதச் சம்பளத்தில் கட்டணத்துக்கென ஒதுக்க வேண்டியதுமில்லை.

பின்னர் மோட்டார் வாகனங்கள் பெருகின, புகையும் பெருகிற்று. பஸ்கள் யாவும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டுமென உச்சநீதிமன்றம் 1998-இல் ஆணையிட்டது. 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடங்கள் அமைந்தன. கார்களுக்கு இடம் குறுகிவிட்டது என்ற குறை ஓங்கவே, 2016-இல் அவ்வமைப்பைக் கலைக்கும் பணி தொடங்கிற்று.

சைக்கிள் மிதிப்பவர் புகை விடுவதில்லை. ஆனால் உழைப்பினால் ஆழ்ந்து மூச்சு வாங்குவதால், பிறர் விட்ட புகை அவர் நெஞ்சில் மிகுதியாக இறங்குகிறது. இன்று அவ்வாறு செல்வோர் பெரும்பாலும் காவற்காரர், ஆலைத் தொழிலாளர் முதலிய எளியோர். நம் முன்னோர் பிழைப்புக்குச் சென்ற அதே வழியில்தான் அவர்களும் செல்கின்றனர். அவர்களுக்கென ஒரு தடம் வேண்டுமென்று கேட்க நாமும் கடமைப்பட்டவர்களன்றோ?