படிப்பகம்

நாளிதழ், வார இதழ்களைப் பலர் கூடியிருந்து படித்து, அவற்றில் வந்த அரசியலையும் உலக நடப்பையும் பேசித் தீர்க்க ஊராரோ கட்சிக் கிளையோ நடத்திய பொது இடம் படிப்பகம். தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செழித்திருந்தது. தேநீர்க் கடையும் முடிதிருத்தகமும் ஏறக்குறைய இதே பணியைச் செய்தன.

தோற்றம்

தாய்மொழி இதழ்களை ஒடுக்க லிட்டன் பிரபு 1878இல் கொண்டுவந்த சட்டம் நீங்கிய காலத்தில், 1882இல், ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ வார இதழைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாயிற்று. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 100க்கு 5 பேர் அளவே. ஆகவே ஒருவர் உரக்கப் படிப்பதும் மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதுமே இதழ் வாசிப்பின் இயல்பான முறையாக அமைந்தது. கேட்டவர் சும்மா இருக்கவில்லை. இடைமறித்தார், விளக்கம் கேட்டார், மறுத்தார். படிப்பகத்தின் வேர் இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

சுதேசி இயக்கம் இதற்குச் சூடேற்றியது. 1906இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதியார் வெளியிட்ட அரசியல் கருத்துப்படங்கள் எழுத்தறியாதவரையும் விவாதத்துக்குள் இழுத்தன. 1908இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்களும் கோரல் ஆலை வேலைநிறுத்தமும் இதழ்ச் செய்தியாகி ஊர் ஊராகப் போயின. தமிழ் இதழ்களில் வருவதை ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பவே அரசு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியிருந்தது. விற்கும் பிரதிகளைவிட அவற்றைச் சுற்றி நடக்கும் பேச்சுக்கே ஆட்சியாளர் அஞ்சினர்.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ (அடுத்த ஆண்டு முதல் ‘தமிழன்’) இவ்வரலாற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது பெருங்குறை. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களிடமும் இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் குடியேறிய தமிழரிடமும் அது சென்று சேர்ந்தது. சாதியையும் சுதேசியத்தையும் குறித்த எதிர்வாதங்களை அவர்கள் அதன்வழியே அறிந்தனர்.

இயக்கப் படிப்பகங்கள்

ஈரோட்டில் பெரியார் 1925இல் தொடங்கிய ‘குடி அரசு’, 1937இல் பொதுவுடைமையரின் ‘ஜனசக்தி’, காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை 1942இல் தொடங்கிய ‘திராவிட நாடு’ ஆகியவை தனி ஆளை மட்டும் எண்ணி எழுதப்பட்டவை அல்ல. உரக்கப் படித்தால் மேடைப்பேச்சுப் போல ஒலிப்பவை. 1949இல் தி.மு.க. பிறந்தபின் கிளைதோறும் படிப்பகம் திறப்பது கட்சிப் பணியாகவே ஆனது. பெரும்பாலும் அது தெருமுனையில் ஒரு கீற்றுக் கொட்டகை. வாசலில் கொடிக்கம்பம், உள்ளே தலைவர் படம், ஒரு மேசை, இரண்டு நீள பெஞ்சு. நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் படிப்பார்கள். முதல் பக்கம் யாரிடம் இருக்கிறதோ அவரே அன்றைய வாதத்தைத் தொடங்குவார். கொரியப் போரும் சூயஸ் கால்வாயும் இந்தி எதிர்ப்பும் அந்த பெஞ்சில் அடுத்தடுத்துப் பேசப்பட்டன. மேடையேறிப் பேசப் பல இளைஞர்கள் இங்குதான் பழகினர். தி.மு.க.வின் 1967 தேர்தல் வெற்றிக்குத் திரைப்படமே முதற்காரணம் என்பது மிகை. வாதாடத் தெரிந்த தொண்டரைத் திரையரங்கு உருவாக்கவில்லை, படிப்பகம் உருவாக்கியது.

தேநீர்க் கடை

1942இல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் தொடங்கிய ‘தினத்தந்தி’ பேச்சுக்கு நெருங்கிய தமிழையும் பெரிய எழுத்துத் தலைப்பையும் கொண்டு தேநீர்க் கடைக்குள் நுழைந்தது. ஒரு கிளாஸ் டீக்குக் காசு கொடுத்தவர் இதழை இலவசமாகப் படிக்கலாம். பேச்சு முற்றிக் கைகலப்பாகிவிடக் கூடாதென்று ‘இங்கு அரசியல் பேசாதீர்’ எனப் பலகை மாட்டிய கடைகளும் உண்டு. பலகைக்குக் கீழேயே பேச்சு நடந்தது.

இந்த இடங்கள் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. தலித்துகளுக்குத் தனிக் குவளை ஒதுக்கிய ‘இரட்டைக் குவளை’க் கடைகளில் அவர்கள் வெளியே நின்றுதான் டீ குடிக்க வேண்டியிருந்தது. பெஞ்சும் நாளிதழும் அவர்களுக்கு எட்டவில்லை. பெண்கள் அங்கே அநேகமாக இல்லை.

ஈழம்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வாசிகசாலையும் பின்னர் சனசமூக நிலையமும் இதே இடத்தைப் பெற்றன. ‘வீரகேசரி’, ‘தினகரன்’, 1959 முதல் ‘ஈழநாடு’ ஆகியவை அங்கு மேசையில் கிடக்கும். 1981இல் எரிக்கப்பட்ட யாழ் பொது நூலகமும் 1930களில் க.மு.செல்லப்பா முயற்சியில் சிறு வாசகசாலையாகத் தொடங்கியதே.

இன்றைய நிலை

தொலைக்காட்சிக்குப் பின் படிப்பகங்கள் குறைந்தன. பேச்சு வாட்ஸ்அப் குழுக்களுக்கு மாறியது. வதந்தியால் நடந்த கும்பல் கொலைகளையடுத்து, 2018இல் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது.