பறை என்றொரு வினைச்சொல்

எனக்கு ஆறு வயசு இருக்கும். ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்துல ஆயா வீடு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருமுனையில தப்புச் சத்தம் கேட்டா, பிள்ளைங்க எல்லாம் ஓடுவோம். அங்கே ஒருத்தர் நிற்பார். நாலு அடி அடிப்பார், நிறுத்துவார், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்..."

நாளைக்கு ஏரி மீன் ஏலம். கோயிலடியில் ஊர்க் கூட்டம். எல்லாரும் வந்துடணும். மறுபடி நாலு அடி. அடுத்த தெரு.

ஆயா திண்ணையிலிருந்து கேட்கும்: "என்னாடா சொல்றான்?" அவருக்கு ஆயா வயசு. ஆனாலும் 'சொல்றான்'. நானும் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஆறு வயசுப் பையன், தாத்தா வயசுக்காரரை. யாரும் திருத்தவில்லை. இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்போது கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. எல்லாரும் வரணும் என்று ஊருக்கே சொன்ன அந்த மனிதர், மறுநாள் கூட்டத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தூரத்தில் மரத்தடியில் நிற்பார். சேதியைச் சுமந்து வந்தவருக்கு அந்தச் சேதியில் இடம் கிடையாது. அவர் சொன்ன வாக்கியத்தைப் பாருங்கள். 'தெரிவிப்பது என்னவென்றால்.' யார் தெரிவிக்கிறார்? எழுவாயே இல்லை. 'நான்' நுழைய முடியாதபடி அடைத்துக் கட்டிய வாக்கியம் அது.

அவர் கையில் இருந்த கருவியின் பெயரும் ஒரு காலத்தில் 'சொல்' என்று பொருள்பட்ட ஒரு வினைச்சொல்தான்.

*

பறை. பெயர்ச்சொல்லாக எடுத்தால் தோற்கருவி. வினைச்சொல்லாக எடுத்தால் சொல், பேசு, அறிவி. தமிழகராதிகள் இரண்டையும் தருகின்றன. மலையாளத்தில் அன்றாடம் புழங்கும் வினையே இதுதான். 'பற' என்றால் சொல், 'பறஞ்ஞு' என்றால் சொன்னான், சொன்னாள். ஈழத்திலும் இந்த வினை உயிரோடு இருக்கிறது. 'பறையாம இரு' என்றால் பேசாமல் இரு என்று அர்த்தம். கன்னியாகுமரிப் பக்கமும் காதில் விழும். விருத்தாசலம் பேருந்து நிலையத்தில் போய் 'என்ன பறையிறே?' என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

வேறொரு பறையும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. தேவாரத்தில் வினை பறையும் என்று வந்தால் வினை அழியும் என்று பொருள். அது தனி.

அடிப்பதும் சொல்வதும் ஒரே சொல்லுக்குள் இருப்பது பறைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 'அறை' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் அறைவதும் அறைதான், அறைகூவல் விடுப்பதும் அறைதான். மணிமேகலையின் முதல் காதைக்கு 'விழாவறை காதை' என்று பெயர். விழாவை அறைவது, அதாவது அறிவிப்பது. புகார் நகரத்தில் 28 நாள் இந்திரவிழா நடக்கப்போகிறது. பழங்குடியில் பிறந்த ஒருவன் முரசை யானையின் பிடரியில் ஏற்றி, தெருக்களை அலங்கரியுங்கள், புதுமணல் பரப்புங்கள் என்று ஊருக்குச் சொல்கிறான். எங்கள் தெருமுனையில் செருப்பில்லாமல் நின்றவரும் செய்தது அதே வேலைதான். நடுவில் யானை எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

வள்ளுவர் இந்தச் சொல்லை வைத்து ஒரு கிண்டலும் செய்திருக்கிறார். கயமை அதிகாரத்தின் 1076ஆம் குறளில், கேட்ட ரகசியத்தையெல்லாம் ஊருக்குள் கொண்டுபோய்க் கொட்டுகிற கயவர்களை அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார். 1180ஆம் குறளில் காதலை மறைக்கத் தெரியாமல் காட்டிக்கொடுக்கும் கண்களுக்கும் அதே உவமை. பறை என்றால் அடக்கிவைக்க முடியாத தகவல் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

தொல்காப்பியத்துக்குப் போனால் இன்னும் சுவாரசியம். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கும் நூற்பாவில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று போய்ப் பறை வருகிறது. பறைக்கு அடுத்த சொல் 'செய்தி'. இன்றைய வாசகனுக்குத் தூக்கிவாரிப் போடும். ஆனால் அங்கே செய்தி என்றால் செய்கிற தொழில். தேனெடுப்பது, ஆடு மாடு மேய்ப்பது, நெல் விளைவிப்பது. செய்வது செய்தி. ஒருவர் செய்ததை இன்னொருவர் சொல்லச் சொல்லத்தான் அது நியூஸ் ஆனது. அதே நூற்பாவில் பறை ஒரு சாதிக்கோ சாவுக்கோ உரியதாக இல்லை. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் பிரிப்பார்கள். ஐந்து நிலத்துக்கும் அவரவர் பறை இருந்தது.

*

அப்புறம் என்ன ஆச்சு?

புறநானூற்றின் 335ஆம் பாட்டு மாங்குடி கிழார் பாடியது. துடியன், பாணன், பறையன், கடம்பன் இந்த நால்வரைத் தவிர வேறு குடியில்லை என்று சொல்லும். பெருமையாகச் சொல்லப்பட்ட பெயர். அங்கிருந்து சில நூற்றாண்டுகள் தாண்டி முதலாம் இராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுக்கு வாருங்கள். ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், கம்மாணச்சேரி என்று எழுதிக்கொண்டே போகிறவர்கள் 'பறைச்சேரி' என்றும் 'தீண்டாச்சேரி' என்றும் எழுதுகிறார்கள். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கம். குடியின் பெயராக இருந்தது இப்போது இடத்தின் எல்லையாகக் கல்லில் ஏறிவிட்டது.

அடுத்த பயணம் கப்பலில். போர்த்துக்கீசியர் வழியாக இந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'பரையா' ஆகிறது. மெல்ல மெல்ல எந்தச் சமூகத்திலிருந்தும் ஒதுக்கப்பட்டவர் என்று பொருள் மாறுகிறது. இன்றும் உலகம் ஒதுக்கிவைத்த ஒரு நாட்டைப் பற்றி எழுத ஆங்கிலப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைக் கூசாமல் எடுக்கின்றன. நாலு பேருக்குச் சேதி சொல்வது என்று பொருள் தந்த வேர், யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாதவர் என்ற பொருளில் போய் நின்றது. ஒரு சொல்லுக்கு இதைவிடக் கொடூரமாக எதுவும் நடக்க முடியுமா தெரியவில்லை.

பறை அடித்ததால்தான் அந்த மக்களுக்கு அந்தப் பெயரா என்பதே விவாதத்துக்குரியது. கால்டுவெல் அப்படித்தான் சொன்னார். ஆனால் அந்தச் சமூகத்தில் பெரும்பாலானவர்கள் உழுதவர்கள், நட்டவர்கள், அறுத்தவர்கள். மோளம் அடித்தவர்கள் கொஞ்சம் பேர். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. மேலிருந்து சுமத்தப்பட்ட இழிவு அது என்றார், பூர்வ பௌத்தர் என்றார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் அந்த வாதத்தை வாரா வாரம் எழுதினார்.

இரட்டைமலை சீனிவாசன் நேர் எதிர்ப் பக்கமாகப் போனார். 1893இல் அவர் தொடங்கிய பத்திரிகையின் பெயரே 'பறையன்'. பெயரை ஒளித்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியமாகப் படுகிறது. அடுத்தவர் கொடுத்த சேதியை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெயர், ஒரு பத்திரிகையின் தலைப்பில் உட்கார்ந்து தன் சேதியைத் தானே சொல்கிறது. 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்ற வாக்கியத்துக்கு முதன்முறையாக எழுவாய் கிடைக்கிறது.

1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து, அரசு ஆவணங்களில் ஆதி திராவிடர் என்ற பெயர் ஏறியது. மூன்று பேர், மூன்று வழி. ஒருவர் பெயரை மறுத்தார், ஒருவர் சூடிக்கொண்டார், ஒருவர் மாற்றினார். மூவருக்கும் தெரிந்திருந்தது: சொல்வது யார் என்பதுதான் சண்டை.

*

இனி எங்கள் பக்கத்துக்கே வருகிறேன்.

ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி கோயிலின் ஊர். பிரசாதமாகக் கோரைக்கிழங்கு உருண்டை தருவார்கள், நாக்கில் மண்வாசனை அடிக்கும். மாசி மகத்துக்குப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். வழியில் தைக்காலில் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்வார்கள். இதை எல்லோரும் பெருமையாகச் சொல்வோம், சொல்லத்தான் வேண்டும்.

அதே ஊரில் மார்கழி விடியற்காலையில் திருப்பாவை கேட்கும். ஆண்டாள் முப்பது நாளும் கண்ணனிடம் கேட்டுக்கொண்டே இருப்பது என்ன? பறை. நோன்புக்கு வேண்டிய வாத்தியம் என்று மேலோட்டமாகவும், இறைவனுக்குச் செய்யும் கைங்கரியம் என்று உள்ளார்ந்தும் உரைகாரர்கள் பொருள் சொல்கிறார்கள். மார்கழிப் பனியில் குளித்து முழுகி வந்து 'பறை' என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற வாய், தெருவில் அந்தக் கருவியோடு வந்தவரை 'டேய்' என்று கூப்பிட்டது. ஒரே வாய். நான் வேறு யாரையும் சொல்லவில்லை, எங்கள் வீட்டைச் சொல்கிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் காட்டுமன்னார்கோயில். 1924இல் அந்த மண்ணில் பிறந்தவர் எல். இளையபெருமாள். 1952இல் முதல் மக்களவைக்குப் போனவர். தீண்டாமையை ஆராய 1965இல் இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்து, 1969இல் அறிக்கை கொடுத்தவர். டெல்லிக்குப் போவதற்கு முன்பே அவர் சொந்த ஊர்ப்பக்கம் தன் மக்களிடம் சொன்ன விஷயங்களில் ஒன்று: அடுத்தவர் சாவுக்குப் பறையடிக்கப் போகாதே. கூலியோ கலையோ அவருக்குப் பிரச்சினை இல்லை. கூப்பிட்டால் வந்துதான் ஆகணும் என்ற கட்டாயம் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் அடிக்கும் பறையில் இசை இருக்கலாம், பேச்சு இல்லை.

பறையைக் கீழே போடச் சொன்ன குரல் ஒரு பக்கம். அதைக் கையில் எடுத்துத் தலை நிமிரச் சொன்ன குரல் இன்னொரு பக்கம். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி மேடையேறினார்கள். சாவுக்கு மட்டும், அதுவும் ஆண்கள் மட்டும் என்ற இரண்டு பூட்டும் ஒரே அடியில் உடைந்தது. புத்தர் கலைக்குழு பறையை விடுதலையின் இசையாகவே அறிவித்துக் கற்றுக்கொடுக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ. இன்று ஐடி கம்பெனி பிள்ளைகள் சனி ஞாயிறில் அடிக்குச்சி, சிண்டுக்குச்சி பிடித்துப் பழகுகிறார்கள்.

இரண்டு குரலும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்கு முன்பு தோன்றும். இப்போது தோன்றுவதில்லை. மாட்டேன் என்று சொல்லும் உரிமை முதலில் வந்தால்தான், அடிக்கிறேன் என்று சொல்வதற்கு மதிப்பு.

2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம், அறிவியல் வளர்ந்துவிட்டது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம், மீறி ஈடுபடுத்தினால் கடும் நடவடிக்கை. எங்கள் பக்கம் அதற்கு முன்பே ஆட்டோவில் மைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பதிவு செய்த குரல் பேசும். யாரும் தெருமுனையில் நிற்க வேண்டியதில்லை.

*

இப்போது சேதி சொல்வதற்கு நம்மிடம் இருக்கிற வினைச்சொல் 'பகிர்'. பேச்சில் 'ஷேர் பண்ணு'. பகிர் என்றால் பங்கிடு, பிரித்துக் கொடு. நல்ல சொல்தான். சோறு பகிர்வதிலிருந்து வந்தது. ஆனால் பங்கு போடுகிறவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் தெருமுனைக்காரர் செய்ததைப் பகிர்வு என்று சொல்ல முடியாது. அவருக்குப் பங்கு எங்கே இருந்தது?

தமிழ்நாட்டுப் பொதுப்பேச்சில் பறை என்ற வினை இல்லை; அறிவிக்கும் பொருளில் பறை என்ற பெயர்ச்சொல் ஒரு கூட்டுச்சொல்லில் ஒண்டிக்கொண்டிருக்கிறது: பறைசாற்று. 'தமிழரின் வீரத்தைப் பறைசாற்றும் கல்வெட்டு' என்று வாரத்துக்கு ஒரு தலைப்பாவது வருகிறது. எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் கருவியும் நினைவுக்கு வராது, அடித்த கையும் நினைவுக்கு வராது. இந்த வினை நம் வாயிலிருந்து நழுவியதற்குச் சாதிப்பெயரின் மேல் இருந்த கூச்சமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். 'பறை' என்று சொன்னால் ஒரு சாதியைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று, சொல்வதையே விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி போனில் "இவ்வளவு நேரமும் நான்தான் பறைஞ்சுகொண்டிருக்கிறன், நீங்க ஒன்றும் சொல்லேல்லை" என்று சிரித்தபோதுதான் நாம் தொலைத்தது என்னவென்று எனக்கு உறைத்தது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள்!

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். ஒரு கல்யாண ஊர்வலம். முன்னால் ஐந்தாறு பையன்கள், ஒரே மாதிரி டீ சர்ட், முதுகில் குழுவின் பெயரும் போன் நம்பரும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவனுடைய தாத்தாதான் எங்கள் தெருவில் தண்டோரா போட்டவர். இறந்து ரொம்ப வருஷம் ஆகிறதாம்.

"தாத்தா பேரு என்னப்பா?" என்று கேட்டேன்.

சொன்னான். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்கிறேன். ஊர் பூராவுக்கும் சேதி சொன்னவர். அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.