உடன்பிறந்தாருக்கு ஒரு நூல் வரிசை

நூல் ஒன்றைப் படித்து முடித்ததும் அதைப்பற்றிப் பிறரிடம் சொல்ல விழைவது மனித இயல்பு. ஆயினும், படிக்காமலேயே தீர்ப்புச் சொல்வதும் நம்மிடையே உண்டு. எழுதியவர் நம் சமயத்தார் அல்லர், நம் கொள்கையினர் அல்லர் என்பதே பல வேளைகளில் நமக்குப் போதிய காரணமாகி விடுகிறது. இவ்வழக்கத்தைக் குறித்துச் சற்றே எண்ணிப் பார்க்க, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு வாசகர் நமக்குத் துணை செய்கிறார்.

அவர் பெயர் போத்தியுஸ். 9-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிள் நகரில் உயர்ந்த அரசுப் பணியில் இருந்தவர். 858-ஆம் ஆண்டு, பொதுநிலையினராக இருந்த அவர், ஒரு வார காலத்திற்குள் எல்லாத் திருப்பட்டங்களும் பெற்று அந்நகரின் முதுபெரும் தந்தையானார். அவர் தூது சென்ற காலத்தில், உடன்பிறந்தாராகிய தராசியுஸ், தாம் உடனிராத வேளையில் படிக்கப்பட்ட நூல்களின் சாரத்தை எழுதித் தருமாறு கேட்டிருந்தார். அவ்வேண்டுகோளுக்கு இணங்கி எழுதப்பட்டதே 'நூலகம்' என்னும் பொருள்படும் 'பிப்ளியோத்தேக்கா'.

இன்றைய பதிப்புகளில் இது 280 பிரிவுகளாக எண்ணப்படுகிறது. சில பிரிவுகள் இரண்டு மூன்று வரிகளே. சில நீண்ட சுருக்கங்கள். மறையுரைகள், பொதுச்சங்க ஏடுகள், புனிதர் வரலாறுகள் ஆகியவற்றுடன் கிரேக்க வரலாறுகள், மேடைப் பேச்சுகள், மருத்துவ நூல்கள், காதற் கதைகள் ஆகியனவும் அதில் கலந்து கிடக்கின்றன.

அவருடைய கருத்துரைகளில் நம் உள்ளத்தைத் தொடுவது அவற்றின் நேர்மையே. சோசிமுஸ் என்னும் வரலாற்றாசிரியர் கிறிஸ்தவ அரசர்களைத் தூற்றியவர். அவருடைய இறைப்பற்றின்மையைக் கடுமையாகக் கண்டித்த போத்தியுஸ், நடை சுருக்கமும் தெளிவும் தூய்மையும் உடையது என்பதை மறைக்கவில்லை. ஆரிய தப்பறையைத் தழுவிய பிலோஸ்தோர்கியுஸின் திருச்சபை வரலாற்றையும் அவர் அவ்வாறே நடத்தினார். கொள்கையை மறுத்தார், நடையழகை ஒப்புக்கொண்டார். மறுபுறம், தப்பறைகளை எதிர்த்துப் போராடிய புனித எப்பிபானியுஸின் நூலைப் பயனுள்ளது என்று பாராட்டிய அதே கை, அவருடைய நடை எளியது, பண்பட்டதன்று என்றும் எழுதியது. புனிதர் என்பதால் நடைக்குச் சலுகை இல்லை. எதிரி என்பதால் நடைக்குத் தண்டனையும் இல்லை.

நம் நாட்டைப் பற்றிய நூல் ஒன்றும் அவ்வரிசையில் உண்டு. கி.மு. 400 அளவில் பாரசீக அரண்மனையில் மருத்துவராயிருந்த தெசியாஸ், இந்தியாவைப் பற்றி எழுதினார். நாய்த்தலை மனிதர், மனிதமுக விலங்கு என வியப்புகள் பல அதில் நிறைந்திருந்தன. ஹெரோடோட்டஸைக் கதை கட்டுபவர் என்று குறை கூறும் தெசியாசும் கட்டுக்கதையினின்று தப்பவில்லை என்று போத்தியுஸ் சுட்டிக் காட்டினார். ஆனால் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடவில்லை. பொறுமையாகச் சுருக்கி எழுதிவைத்தார். மூலநூல் மறைந்துவிட்டது. அதில் இன்று நாம் அறிவது பெரும்பாலும் அச்சுருக்கத்தால் அறிவதே. அவர் படித்த நூல்களில் ஏறத்தாழப் பாதி இன்று உலகில் இல்லை. ஒரு வாசகரின் கருத்துரையே பல நூல்களுக்கு இறுதிப் புகலிடமாயிற்று.

இத்தகையவர் வாழ்வில் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. 867-இல் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசைத் திருச்சபைக்குப் புறம்பாக்கும் அளவுக்குச் சென்றவர் அவர். அதே ஆண்டு பேரரசர் பசிலியுஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நாடுகடத்தப்பட்ட நிலையில் தம்மிடமிருந்து நூல்களும் பறிக்கப்பட்டன என்று பேரரசருக்கே அவர் எழுதிய முறையீடு, படிக்கும் பழக்கமுள்ள எவரையும் உருக்கும். பின்னர் 879–880-இல் கூடிய சங்கம் அவரை மீண்டும் முதுபெரும் தந்தையாக ஏற்றது. கீழைத் திருச்சபை அவரைப் புனிதராக வணங்குகிறது. மேலைத் திருச்சபையிலோ அவர் பெயர் பல நூற்றாண்டுகளாகப் பிரிவினைக்கே மறுபெயராயிருந்தது.

இருப்பினும் அவருடைய நூலை மேலை நாட்டு வாசகர்களுக்கு 1606-இல் இலத்தீனில் தந்தவர் அந்திரேயாஸ் ஷோட் என்னும் இயேசு சபைக் குருவே. 1948-இல் பிரான்சிஸ் த்வோர்னிக் என்னும் கத்தோலிக்கக் குரு, பழைய ஏடுகளைத் துருவி ஆராய்ந்து, உரோமையுடன் போத்தியுஸ் இரண்டாம் முறையும் பிரிந்து நின்றார் என்னும் கூற்று ஆதாரமற்றது என எடுத்துக்காட்டினார். எதிராளியின் நூலை நேர்மையாகப் படித்தவருக்கு, அதே நேர்மை வந்து சேர ஆயிரம் ஆண்டுகள் ஆயின!

நம் வீட்டு அலமாரியிலும் பங்கு நூலகத்திலும் உள்ள நூல்களை எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் நம்முடன் உடன்படாதவர் எழுதியவை எத்தனை? அவற்றைத் திறந்து படித்தோமா, அன்றிப் பெயரைப் பார்த்தே மூடி வைத்தோமா? உண்மையை உண்மையென்றும், அழகை அழகென்றும், பிழையைப் பிழையென்றும் தனித்தனியே சொல்லப் பழகுவது அறிவுக்கு அழகு மட்டுமன்று. அயலானுக்கு நாம் செலுத்த வேண்டிய நீதியும் அன்புமாகும்.